மகள் வீட்டில் என் அடுப்பு

ஜனவரி 6, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. நேற்றும் மழை. வாவி கலங்கிப் போய்த் தேத்தண்ணி நிறம். முற்றத்தில் விரித்த கொச்சிக்காய் மறுபடி உள்ளே வந்துவிட்டது. விறாந்தையில் கொச்சிக்காய், கட்டிலுக்குக் கீழே கொச்சிக்காய், சாமி அறையில்கூட ஒரு சுளகு நிறைய. பிள்ளையார் தும்மாமல் இருப்பது அவருடைய பெருந்தன்மை.

வேலைகள்:
— லேபல் ஒட்டுவது (மகள் வினோ)
— பூஞ்சணம் பிடித்ததைப் பொறுக்கி எறிவது (வேலைக்கு வருகிற தங்கம்மா அக்காவும் நானும்)
— புளியந்தீவுக் கடைக்குப் போன். மிளகாய்த் தூள் பிந்தும் என்று சொல்ல வேண்டும். வெட்கம்.
— நாளைக்கு நேர்முகம். நீலச் சேலை அயன்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் வாய். "அக்கா, மழ பேஞ்சா உங்கட தூளும் ஒளிச்சிரும், நீங்களும் ஒளிச்சிருவீங்க. கொம்பனித் தூள் அப்பிடி ஒளிக்கிற இல்லயே" என்றார். உண்மையைத்தானே சொல்கிறார். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் மாரி என்றால் மாரி. வெயில் இல்லாமல் கொச்சிக்காய் காயாது, காயாததை வறுத்தால் தூள் கட்டிப்படும். கோடையில் பிடித்த கடையை மாரியில் விடுகிறேன். ஒவ்வொரு வருடமும் இதே கூத்து.

அதனால்தான் நாளைய நேர்முகம். பெண்கள் செய்யும் தொழிலுக்கு அரசாங்கம் உலர்த்தும் மெசின் தருகிறதாம். மழையோ வெயிலோ, உள்ளே வைத்தால் ஒரே சீராகக் காயுமாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் நஸீரா மிஸ் என் பெயரைத் தானாகவே போட்டிருக்கிறா. கேட்காமல் ஒருவர் நம் பெயரை எழுதுவது சின்ன விசயம் இல்லை.

பிள்ளையாரே, மெசின் வந்தால் உன் அறையில் கொச்சிக்காய் வைக்க மாட்டேன். சத்தியம்.

ஜனவரி 7, புதன்

கெடுத்துவிட்டேன். என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

செயலகத்தில் வாங்குப் பலகை நிறையப் பெண்கள். ஊறுகாய் போடுகிறவ, பன்பாய் இழைக்கிறவ, சீமெந்துக் கல் அரிகிறவ (கை என் வீட்டுக்காரருடைய கையை விடத் தடிப்பு). மாவட்டத்திலிருந்து ஒரு சேர் வந்திருந்தார். இளம் ஆள், மரியாதையான பேச்சு. எத்தனை வருடம் செய்கிறீர்கள், யார் யார் வேலை செய்கிறார்கள், எந்தக் கடைகளுக்குப் போகிறது. எல்லாம் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னேன். நஸீரா மிஸ் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு இருந்தா.

"உற்பத்தி எங்க நடக்குது?"

"வீட்டில, சேர்."

"வீடு யாருடையது?"

"மகள்ட."

சேரின் பேனை நின்றது. "மகளுடையதா? உங்களுடையது இல்லையா?"

"ஓம் சேர், மகள்ட வீடு" என்று இன்னொரு முறை பெருமையாகச் சொன்னேன். மடச்சி.

விண்ணப்பிக்கும் பெண்ணின் பெயரிலேயே இடம் இருக்க வேண்டுமாம். அதுதான் முதல் நிபந்தனையாம். சேர் கவலையோடு சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பாலத்தைப் பஸ் தாண்டும்போதுதான் மண்டையில் அடித்தது. வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் என் பெயரில்தானே! என் அம்மா எனக்கு எழுதிய உறுதி. வினோவுக்கு நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

ஆனால் அவள் பிறந்த நாளிலிருந்து இது அவளுடைய வீடு. ஊரில் எந்தத் தாயைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். சுவருக்கு வெள்ளை அடித்தால் "மகள்ட வீட்டுக்கு வெள்ள அடிக்கிறம்". கூரை ஒழுகினால் "மகள்ட வீடு ஒழுகுது". வினோ தவழ்ந்த காலத்தில்கூட அவள் வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். இருபத்துநாலு வருடப் பழக்கம், சேர் கேட்டதும் வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது.

இரவு சோற்றை அப்படியே மூடி வைத்தேன். வினோ கேட்டாள். தலையிடி என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

மழை விட்டு விட்டு. காலையில் நஸீரா மிஸ்ஸுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"அக்கா, எங்கட காத்தான்குடியிலயும் இதே கததான். நான் இப்ப இரிக்கிறது உம்மா தந்த வீடு. என்ட மகளுக்கு ஏழு வயசு. நானும் அவள்ட வீடு எண்டுதான் சொல்றன். உறுதியக் கொண்டு வாங்க, நான் சேரோட கதைக்கிறன்."

ஏன் இப்படி ஒரு நிபந்தனை என்று கேட்டேன். முந்திப் பெண்களுக்கென்று கொடுத்த மெசின்களெல்லாம் அண்ணனின் கொட்டிலிலும் புருஷனின் கடையிலும் போய் நின்றதாம். "இடம் அவங்கட எண்டா மெசினும் அவங்கடதானே. பொம்புளைக்குக் குடுத்தது கடைசியில ஆம்புளைட சொத்தாப் போயிற்று. அதுக்குத்தான் அக்கா."

நல்ல எண்ணத்தில் எழுதிய விதிதான். மற்ற இடங்களில் பெண்ணுக்கு வீடு இல்லை, அதுதான் கரைச்சல். எங்களுக்கு வீடு உண்டு, ஆனால் அது கையில் நிற்பதில்லை. தாயிடம் வாங்கி மகளிடம் கொடுக்கும்வரைக்கும் நடுவில் கொஞ்சக் காலம் பிடித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். விதி எழுதியவருக்கு இது தெரிய நியாயமில்லை. எனக்கே நேற்றுவரை தெரியாது.

நஸீரா மிஸ் நன்றாக இருக்க வேண்டும்.

பி.கு.: புதுச் சுளகு. பழையதை எலி அரித்துவிட்டது.

ஜனவரி 10, சனி

வெயில், அரை நாள். ஓடி ஓடிக் காயப் போட்டோம்.

உறுதியை நேற்றே பார்த்துவிட்டார்கள். சரியாம். இடத்தை வந்து பார்ப்பார்களாம், அடுத்த கிழமைக்குப் பிறகு. ஆனால் மெசின் நிற்கிற வரைக்கும் இடம் என் பெயரில்தான் இருக்க வேண்டுமாம், இடையில் கைமாற்றக் கூடாதாம்.

இங்கேதான் சிக்கல். வினோவுக்குக் கரடியனாற்றில் ஒரு மாப்பிள்ளை கேட்டிருக்கிறோம். கிருபா. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற மாஸ்டர். கேட்டது நாங்கள், ஆனால் வினோவுக்கும் அந்தப் பிள்ளைக்கும் கம்பஸ் காலத்திலேயே பழக்கம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம். வைகாசியில் கலியாணம். அதற்கு முன்பு வீடுவளவு முழுதும் வினோ பெயரில் எழுதிவிட வேண்டும். இதில் அவர்கள் கேட்டதில் பிழை இல்லை. என் கலியாணத்திலும் அதுதானே நடந்தது.

வளவை எழுதினால் மெசின் போச்சு. எழுதாவிட்டால் கலியாணம்?

அதை நினைக்காமல் லேபல் ஒட்டினேன். முப்பது லேபல் கோணல்.

ஜனவரி 13, செவ்வாய்

இவர் பொங்கலுக்கு வந்துவிட்டார். உன்னிச்சைப் பக்கம் வயல் வட்டையில் காவல். யானை வருகிறது என்று இரவெல்லாம் முழித்து முழித்துக் கண் சிவந்திருக்கிறது. வந்ததும் குளித்துவிட்டு மீன் கறியோடு இரண்டு கோப்பை சோறு.

பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்தார். பக்கத்து வளவுக்காரர் புகை பற்றிச் சொன்ன முறைப்பாடு. ஞாயம்தான், வறுக்கிற அன்று அவர்கள் வீட்டுக் கோழிகூட இருமும். குசினிக்குள் வறுக்கக் கூடாதாம். தனிக் கட்டடம், வலையடித்த யன்னல், உயரமான புகைபோக்கி. நல்ல மனிதர், திட்டாமல் சொன்னார். ஆனால் எல்லாவற்றையும் இவரைப் பார்த்தே சொன்னார்.

"முதலாளி, சிமினிய மட்டும் கொஞ்சம் உசத்திப் போடுங்க."

இவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "முதலாளி அவ, சேர். நான் மூட்ட தூக்குற ஆள்" என்றார்.

பி.எச்.ஐ. சிரித்துவிட்டு மற்றதையெல்லாம் என் பக்கம் திரும்பிச் சொன்னார். இந்த மனிதனைக் கட்டி இருபத்தாறு வருடம். நகைநட்டு ஒன்றும் வாங்கித் தந்ததில்லை. ஆனால் இப்படி ஒரு வசனத்தை எத்தனை பெண்கள் புருஷன் வாயால் கேட்டிருப்பார்கள்.

இரவு படுக்கும்போது வீட்டு விசயம் கேட்டேன். என்ன செய்வது?

"வீடு உன்ட. எழுதுறதும் நீ. என்ட கையெழுத்து ஒண்டுக்கும் தேவல்ல. அதாலதான் நான் நிம்மதியா நித்திர கொள்றன்."

கொண்டார். குறட்டையோடு.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

வெயில்! பொங்கல் கிழக்கே பொங்கியது. வினோ பெரிய கோலம். தங்கம்மா அக்காவுக்குச் சேலை கொடுத்தேன், பச்சை. உடனே உடுத்திக்கொண்டு வந்து காட்டினா.

கும்பிடும்போது என்ன கேட்பதென்று தெரியவில்லை. இரண்டையும் கேட்டால் பேராசை. ஒன்றைக் கேட்டால் மற்றது கோபிக்கும். தந்ததற்கெல்லாம் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். செயலக ஆட்கள் புதன். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. அதற்குள் ஏதாவது தோன்றும்.

ஜனவரி 19, திங்கள்

தோன்றவில்லை. புதனும் வரவில்லை. எல்லாம் இன்றைக்கே.

ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் நஸீரா மிஸ் போன். "அக்கா, வாகனம் இண்டைக்குத்தான் கிடைச்சிரிக்கு. பத்து மணிக்கு வாறம். வேலை நடக்கிறத சேர் பார்க்கணுமாம், வறுத்துக்கொண்டே இரிங்க." மறுக்க முடியுமா? மறுத்தால் அடுத்த வருடம்தான்.

மாப்பிள்ளை ஆட்கள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். கிருபாவின் தாய் பூமணி, தாயின் தம்பிமார் இரண்டு பேர். வெள்ளை வேட்டி, சந்தனம். விறாந்தையில் கதிரை, பலகாரம், தேத்தண்ணி. இவர் யானைக் காவலுக்குத் திரும்பிவிட்டதால் என் அண்ணன் எதிரில் இருந்து பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தகப்பன் மாதிரி அண்ணன், இந்தக் கலியாணத்தை ஓடி ஓடிப் பேசியவர். பி.எச்.ஐ. சொன்ன பிறகு பின்பக்கம் போட்ட அடுப்பில் தங்கம்மா அக்கா புதுப் பச்சைச் சேலையோடு வறுக்கிற தாச்சியை வைத்துவிட்டா. காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டுமோ சரியாக அந்தப் பக்கம் அடித்தது.

முதலில் பெரிய மாமா இருமினார். பிறகு சின்ன மாமா. பிறகு என் அண்ணன். "கொஞ்சம் காரமான வீடுதான்" என்று பெரிய மாமா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, கண்ணிலிருந்து ஓடியது. பூமணி மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

அந்த நேரம் வாகனம். சேர், நஸீரா மிஸ், இன்னொருவர். சேர் கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு தாச்சியைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார், பக்கட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். திருப்தி. பிறகு நேரே விறாந்தைக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால்:

"அம்மா, பதிவுக்காகக் கேக்கிறன். இந்த வீடுவளவு யாருடைய பெயரில?"

பூமணி இரண்டு கதிரை தள்ளி இருந்தா.

"என்ட பேரில, சேர்."

"தொடர்ந்து உங்கட பெயரிலதான் இருக்குமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். யன்னலுக்குப் பின்னால் வினோவின் வளையல் சத்தம் கேட்டது. பொய் சொல்லலாம், யாருக்குச் சொல்வது? சேருக்கா, சம்பந்திக்கா? நான் வறுத்தது, இடித்தது, மழையில் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் வந்தது.

"ஓம்" என்றேன்.

பெரிய மாமாவின் இருமல் நின்றுவிட்டது. சேர் எழுதிக்கொண்டு போனார். நஸீரா மிஸ்ஸுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது, போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனா.

பூமணி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. பாதி அப்படியே இருந்தது. "அப்ப நாங்க வாறம்" என்று எழும்பிவிட்டா. தம்பிமாரும் பின்னால்.

பலகாரம் ஒருவரும் தொடவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

அண்ணன் போன். "கொச்சிக்காய்க்காக மகள்ட வாழ்க்கைய வறுத்துப்போட்டாய்!" வைத்துவிட்டார். அழுதேன். கொச்சிக்காய் இல்லாமலேயே.

வினோ காலையிலிருந்து பொறுக்கினாள், நிறுத்தாள், ஒட்டினாள், என் பக்கம் திரும்பவேயில்லை. சேலையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நானே போய் முன்னால் இருந்தேன். என்னை ஏசு மகள் என்றேன்.

லேபலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "எனக்கு வீடு வேணாம் எண்டு பெரிய ஆள் மாதிரிச் சொல்ல மாட்டன் அம்மா. வேணும். சின்னதில இருந்து என்ட வீடு என்ட வீடு எண்டு சொல்லிச் சொல்லித்தானே வளத்தீங்க. ஆனா உங்கட அடுப்ப அணைச்சிப்போட்டு ஒரு வீடு எனக்கு வேணாம்."

பிறகு சொன்னாள்: "கிருபா ஒண்டும் சொல்லல்ல. தாய் நேத்தில இருந்து ஒருத்தரோடயும் கதைக்கிறல்லயாம்."

கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை; அவர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும் என்று இப்போது அவளுக்கும் தெரியும். அந்த மட்டில் ஒரு பாரம் குறைந்தது.

ஜனவரி 23, வெள்ளி

தூறல். பகல் சாப்பாட்டு நேரம், படலையில் யாரோ. பார்த்தால் பூமணி. தனியாக. குடை ஒரு கையில், தயிர் முட்டி மறு கையில். பஸ்ஸில் வந்திருக்கிறா.

விறாந்தைக்குக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று நேரே பின்பக்கம் வந்து வறுக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டுக்கொண்டு இருந்தா. தங்கம்மா அக்கா எழும்பப் போனா. "இரிங்க அக்கா, கையை நிப்பாட்டாதீங்க, கருகிரும்" என்றா. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், வேலை தெரிந்த ஆள்.

பூமணி சொன்னது, முடிந்தவரை அப்படியே:

"நானும் தயிர் போட்டு வித்தனான். பதினைஞ்சு எரும நிண்டது எங்கட வளவுல. ஏறாவூருக்கும் டவுனுக்கும் என்ட முட்டிதான் போகும். மூத்தவளுக்குக் கலியாணம் வந்தது, எழுதிக் குடுத்தன். வீடு, வளவு, எரும கட்டுற மாட்டுக் காலை, எல்லாம். சந்தோசமாத்தான் குடுத்தன். ஆரும் என்னப் போ எண்டு சொல்லல்ல. மருமகன் தங்கமான பொடியன். மணக்குது எண்டு மாட்டுக் காலைய எடுத்துப்போட்டு வாகனம் விடுறதுக்குக் கொட்டில் போட்டார். அவங்கட இடம்தானே. நீங்க பாடுபட்டது காணும் மாமி, இனி இரிந்து சாப்பிடுங்க எண்டாங்க. இரிந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இரிக்கன்."

முட்டியைத் தட்டிக் காட்டினா. "இந்தத் தயிரும் கடையில வாங்கினதுதான்."

அன்றைக்குக் கோபத்தில் எழும்பிப் போனீர்கள் என்று நினைத்தோம் என்றேன்.

"கோவமா! நீங்க அந்தச் சேருக்கு 'ஓம்' எண்டு சொன்னீங்களே, அதக் கேட்டதும் எனக்கு அழுக வந்திற்று. எனக்கு அப்பிடி ஒரு சொல்லு அண்டைக்கு வாயில வரல்லயே கா. தம்பிமாருக்கு முன்னால அழ ஏலாதெண்டு எழும்பினன். கொச்சிக்காய் எண்டு சொல்லிப் போட்டு அங்கயே இரிந்து அழுதிரிக்கலாம். அது மண்டைக்கு வரல்ல."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து அழுதோம். இந்த முறை கொச்சிக்காய் என்றே வைத்துக்கொண்டோம்.

பிறகு காரியத்துக்கு வந்தா. "வீட்ட எழுதுங்க. தம்பிமார் அதுல விட மாட்டாங்க, பிள்ளைக்கும் வீடு வேணும்தானே. வளவுல பின்துண்டு, இந்த அடுப்பு இரிக்கிற பக்கம், அது உங்கட பேரில நிக்கட்டும். பாதையும் சேத்து எழுதுங்க. பாத இல்லாட்டி நாளைக்கு மூட்டையத் தூக்கிக்கொண்டு ஆர்ட முத்தத்தால போவீங்க?"

பாதை! எனக்குத் தோன்றியே இருக்காது.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். இரண்டு பக்கட் தூள் கொடுத்தேன். காசு தருகிறேன் என்று பையைத் திறந்தா. சம்பந்தியிடம் காசா என்றேன். "வியாபாரியிட்டச் சும்மா வாங்கக் கூடாது" என்று திணித்துவிட்டுப் போய்விட்டா.

நஸீரா மிஸ்ஸைக் கேட்டேன். வீடு தேவையில்லை, மெசின் நிற்கிற துண்டு என் பெயரில் இருந்தால் போதுமாம். சேரும் சரி என்றுவிட்டார்.

ஜனவரி 28, புதன்

வெயில் நல்லது. வளவை அளக்கச் சேவேயர் வந்தார்.

அண்ணன் கூப்பிடாமலே வந்தார். முகம் உம். "வளவத் துண்டாக்கினா ஊர் சிரிக்கும்" என்றார். சிரிக்கட்டும் அண்ணா என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாடாவின் மறுநுனியைத் தானே பிடித்தார். முருங்கை எந்தப் பக்கம் என்று ஒரு பெரிய வழக்கு. முருங்கை வினோவுக்கு. தேசிக்காய் மரம் எனக்கு. பாதையைச் சேவேயர் சைக்கிள் போகிற அகலத்துக்குப் போடப் பார்த்தார். "அது காணாது, லொறி போகணும்" என்று சண்டை பிடித்தது யார்? அண்ணன்தான்.

இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது அடுப்பைப் பார்த்து, "புகைபோக்கிக்குப் பைப் என்னிட்ட ஒண்டு கிடக்கு" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அது. போதும்.

பெப்ரவரி 3, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. மெசின் கிடைக்கும். கட்டடம் எழும்பியதும் கொண்டுவந்து பூட்டுவார்களாம். அத்திவாரம் வெட்டத் தொடங்கியாயிற்று. இவர் வட்டையிலிருந்து போனில், "முதலாளி, மேசன் வேல பாக்க நான் வரவா?" வயல் வெட்டு முடியட்டும், பிறகு வாருங்கள் என்றேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள். மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.
— நஸீரா மிஸ். (தொதல் கிண்டி அனுப்ப வேண்டும்.)
— பூமணி.
— தங்கம்மா அக்கா. பொங்கல் சேலையில் கொச்சிக்காய்க் கறை, ஒரு சொல் சொல்லவில்லை.
— இவர்.
— வினோ. வேணும் என்பதை வேணும் என்று சொன்னதற்கு.
— பி.எச்.ஐ. (அவர் துரத்தாவிட்டால் இன்னும் குசினியில்தான்.)
— அந்த நிபந்தனையை எழுதியவர். யாரென்று தெரியாது. ஆணோ பெண்ணோ, எந்தக் கந்தோரில் இருக்கிறாரோ.

கடைசி ஆளைப் பற்றித்தான் இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருப்பேன். பூமணி மாதிரியே, சந்தோசமாக. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் மருமகன் மரியாதையாக, மாமி இனி இருந்து சாப்பிடுங்கள் என்றிருப்பார். நானும் இருந்திருப்பேன். இது யாருடைய இடம் என்று என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. முதல் கேட்டது அரசாங்கம். முதல் முறை பிழையாகப் பதில் சொன்னேன். இரண்டாம் முறையும் கேட்டார்களே, அதற்குத்தான் நன்றி.

முழுக்கப் புகழவும் முடியாது. கடிதத்தோடு வந்த பத்திரத்தில் இன்னமும் "கணவரின் தொழில்" என்று ஒரு கட்டம். மூட்டை தூக்குபவர் என்று எழுதலாமா? வினோ பேனையைப் பறித்துவிட்டாள்.

பெப்ரவரி 9, திங்கள்

புளியந்தீவு. உறுதி எழுதுகிற நொத்தாரிசு கந்தோர். வினோ, நான், சாட்சிக்கு அண்ணனும் பூமணியும். வரும் வழியில் கடைக்காரருக்குத் தூள் கொடுத்தாயிற்று. "என்ன அக்கா, மேகம் மூட்டமா இரிக்கு, நீங்க வந்திட்டீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். இனி வருவேன் என்றேன்.

நொத்தாரிசு வயதானவர், கண்ணாடி மூக்கின் நுனியில். வீட்டு உறுதியை வாசித்தார். தாய் மகளுக்கு. இந்தக் கதிரையில் எத்தனை தாய்மாருக்கு வாசித்திருப்பாரோ, ராகமாகவே வந்தது. வினோ கையெழுத்து. நான் கையெழுத்து. என் அம்மாவின் வீடு, பிறகு என் வீடு, இப்போது உண்மையாகவே மகளின் வீடு. அழ மாட்டேன் என்றிருந்தேன். அழுதேன். நல்ல அழுகைதான்.

பிறகு அடுத்த தாளை எடுத்துக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டார். "பின்துண்டு, பாதையோட. இது ஆருக்கு?"

மகள் என்றுதான் வாயில் வந்தது. பழக்கம். உதடு திறந்தேவிட்டது. பூமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தா, மூச்சு விடாமல்.

"எனக்கு" என்றேன்.

நொத்தாரிசு எழுதினார். வேறொன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. ரேடியோவில் நாளையிலிருந்து மறுபடி மழை என்கிறார்கள். பெய்யட்டும்.